கள்ளிமேட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரில் பாலம் வரைந்த கதை

கள்ளிமேட்டில் சென்னியப்பன் பட்டறை என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. பட்டறையில் மொத்தம் நாலு பேர். முதலாளி சென்னியப்பன். வெல்டிங் வைக்கிற வெள்ளிங்கிரி. கம்பி வெட்டுகிற ஆறுக்குட்டி. இவர்கள் எதைச் செய்தாலும் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிட்டான்.

நாலு பேருக்கும் கைவேலை சுத்தம். இரும்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பார்கள். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அதை மட்டும் வளைக்க மாட்டார்கள். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துக்காரர், "ஜன்னலைச் செஞ்சு வையுங்க, வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை வண்டியோடு வந்தார். ஜன்னலைக் காட்டினார்கள். பார்த்தார். "அப்ப சரிங்க, போயிட்டு வாங்க" என்று வழியனுப்பிவிட்டு, ஜன்னலை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பார்க்கத்தானே வருகிறேன் என்றார்?

இந்த வெள்ளிங்கிரிக்கு ரொம்ப நாளாகப் பெண் அமையவில்லை. கடைசியில் ஒரு வழியாக அமைந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மஞ்சக்காடு, அங்கே காளியண்ணன் மகள் பூவாத்தாள். பெண் பார்க்கப் போன அன்று பூவாத்தாள் அவனுடைய மீசையைப் பார்த்துச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று நாலு பேரும் கூடிப் பேசி, பல் தெரிந்ததால் நல்ல சிரிப்புத்தான் என்று முடிவு செய்தார்கள். வெள்ளிங்கிரிக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

நிச்சயம் முடிந்த கையோடு, கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்று வாய்க்கால் பாலத்தில் ஏறியது. பாலம் பொறுமையாக இருந்து டிராக்டரை அக்கரை சேர்த்துவிட்டு, அதன் பிறகு விழுந்தது.

காளியண்ணன் அக்கரையில் நின்றுகொண்டு இக்கரைக்குச் சொன்னார்:

"இங்க பாருங்க மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின நாள் வாய்க்கால்ல தண்ணி விடறாங்க. முகூர்த்தம் எங்க வாசல்ல. ஈரத் துணியோட வர்ற மாப்பிள்ளைக்கு எங்க வழக்கத்துல பொண்ணு குடுக்கறதில்லை. பாலம் நின்னா கல்யாணம் நடக்கும். பாலம் நிக்கலைன்னா கல்யாணம் நின்னுரும்."

கொஞ்ச தூரம் சுற்றிப் போனால் இன்னொரு பாலம் இருக்கத்தான் செய்தது. ஆனால் காளியண்ணன் பாலம் நிற்க வேண்டும் என்றுதான் சொன்னார், சுற்றி வரலாம் என்று சொல்லவில்லை. அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. பட்டறையில் வேறு பேச்சு எழுந்தது.

"பாலம் நின்னா கல்யாணம் நடக்குமாம்" என்றான் ஆறுக்குட்டி. "அப்ப கல்யாணம் நின்னா பாலம் நடக்குமாங்ணா?"

சென்னியப்பன் மீசையைத் தடவி யோசித்தார். "நடந்தாலும் நடக்கும். அதுக்கு நாம இடம் குடுக்கக் கூடாது. பாலத்தை நல்லா நட்டு வச்சுரணும்."

பாலம் போட ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி வாங்கப் போனார்கள். அங்கே இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"கையால கிறுக்கின படமெல்லாம் ஆகாதுங்க. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கொண்டாரணும். உங்கள்ல யாருக்காவது கேட் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுமுங்க சார். போன வாரம்கூட ரெண்டு கேட் பண்ணி மாட்டினோம்" என்றார் சென்னியப்பன்.

"அந்தக் கேட் இல்லைங்க. இது கம்ப்யூட்டர்ல இன்ஜினியரிங் படம் வரையறது. அதுக்குப் பேரு கேட்."

"எதைக் கேட்டீங்க சார்?"

"நான் கேக்கலை. கேட்டுன்னு சொன்னேன்."

"நீங்க கேட்டதா எங்களுக்குக் கேக்கலீங்களே சார்."

இன்ஜினியர் ஒரு துண்டுத்தாளில் டவுனில் இருக்கும் பயிற்சி நிலையத்தின் முகவரியை எழுதி நீட்டினார். "இங்க போங்க. அடிப்படை வகுப்பு நடக்குது. அங்க அவங்க சொல்றதைச் சொன்னபடி செய்யுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பயிற்சி நிலையத்தில் பிரமிளா டீச்சர் பாடம் நடத்தினார். பொறுமைசாலி. நாலு பேரையும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஆதியிலிருந்து ஆரம்பித்தார்.

"திரையில இந்த மூலையைப் பாருங்க. இதுதான் பூஜ்யம். எதை வரைஞ்சாலும் இங்கிருந்துதான் அளவு. பூஜ்யம் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவே கூடாது. அது நகர்ந்தா எல்லாமே நகர்ந்துரும்."

நாலு பேரும் அந்த மூலையைப் பயபக்தியோடு பார்த்தார்கள். "நான் பள்ளிக்கூடத்துல வாங்கினப்போ இதுக்கு இத்தனை மதிப்பு இருக்கும்னு யாரும் சொல்லலையே" என்று கிட்டான் வருத்தப்பட்டான்.

"அடுத்தது லேயர். கண்ணாடித்தாளை ஒண்ணு மேல ஒண்ணு வைக்கற மாதிரி. தூணை ஒரு லேயர்ல வரையலாம், தளத்தை இன்னொரு லேயர்ல. வேண்டாம்னா ஒரு லேயரை ஆஃப் பண்ணிடலாம். கண்ணுக்குத் தெரியாது. ஆனா அது அங்கதான் இருக்கும்."

"சாமியாட்ட" என்றான் ஆறுக்குட்டி.

"அப்படியே வச்சுக்கங்க. அப்புறம் மிரர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கற பொருளுக்குப் பாதி செஞ்சாப் போதும். நடுவுல கண்ணாடி வச்ச மாதிரி மறுபாதி தானா வந்துரும். பாதி வேலை மிச்சம்."

இது சென்னியப்பனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை காலம் இரண்டு பாதியையும் தானே செய்துகொண்டிருந்ததை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

"கடைசியா, ரொம்ப முக்கியமானது. எழுந்து வெளியில போறதுக்கு முன்னாடி சேவ் பண்ணிரணும். மறந்தீங்கன்னா செஞ்சதெல்லாம் போயிரும். நான் பக்கத்து வகுப்பைப் பார்த்துட்டு வர்றேன், நீங்க வரையுங்க."

வெள்ளிங்கிரிதான் வரைந்தான். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு கோடு, இன்னொரு கோடு, அதைக் குறுக்கே வெட்டி மற்றொரு கோடு. அந்தக் கோடுகளின் மேல் பூவாத்தாள் கொலுசுச் சத்தத்தோடு நடந்து வருவதாக நினைத்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் பாலம் மாதிரி ஒன்று திரையில் நின்றது. எல்லோருக்கும் டீ குடிக்கத் தோன்றியது.

"இருங்க" என்றான் வெள்ளிங்கிரி. "சேவ் பண்ணாம எந்திரிச்சா எல்லாம் போயிரும்னாங்களே."

"டீக்கடைக்கு எதிர்லயே சலூன் இருக்கு" என்றார் சென்னியப்பன்.

போனார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள். முழுசாகச் சேவ் பண்ணச் சொன்னார்கள். "மீசையுமா?" என்று சலூன்காரர் இரண்டு முறை கேட்டார். வெள்ளிங்கிரி மீசையைத் தடவிப் பார்த்தான். பூவாத்தாள் பார்த்துச் சிரித்த மீசை. ஆனாலும் மீசையா பாலமா என்று வந்தால் பாலம்தானே பெரிது? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையாட்டினான். எடுத்த பிறகும் கண்ணாடியில் பார்க்க மனம் வராமல், தலையைக் குனிந்தபடியே வெளியே வந்தான். அன்றிலிருந்து கண்ணாடி இருக்கிற பக்கமே அவன் போகவில்லை. மற்ற மூன்று பேரும் அப்படித்தான்.

திரும்பி வந்தால் வகுப்பில் கரண்டு போய், வந்திருந்தது. திரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"சேவ் பண்ணலையா?" என்றார் டீச்சர்.

நாலு பேரும் முகவாயை நீட்டிக் காட்டினார்கள்.

டீச்சர் ரொம்ப நேரம் அந்த நாலு முகங்களையும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, தானே பாலத்தை வரைய ஆரம்பித்தார். வேகமாகவும் ஒழுங்காகவும் வரைந்து, அளவுகள் போட்டு, தாளில் எடுத்துக் கொடுத்தார்.

"அளவெல்லாம் மில்லிமீட்டர்ல இருக்கு. நீளம் ஆறாயிரம், அதாவது ஆறு மீட்டர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிங்கறதால பாதி வரைஞ்சு மிரர் பண்ணிட்டேன். கைப்பிடி தனி லேயர்ல இருக்கு. படம் நெரிசலா தெரிஞ்சதால இப்போதைக்கு ஆஃப் பண்ணியிருக்கேன். இல்லைன்னு நினைச்சுராதீங்க, கைப்பிடி இருக்குது."

"இருக்குதுங்க டீச்சர்" என்று நாலு பேரும் தலையாட்டினார்கள்.

இன்ஜினியர் படத்தைப் பார்த்தார். அவருக்கு நம்பவே முடியவில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுல இருக்கறது ஒரு கோடுகூட விடாம அப்படியே வரணும்" என்றார்.

பட்டறைக்கு வந்து படத்தை விரித்தார்கள். நடுவில் பாலம். பாலத்துக்கு ஒரு பக்கமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு நீளமான கோடுகள், கரையிலிருந்து கரை வரைக்கும். கோட்டின் இரண்டு நுனியிலும் அம்புத்தலை. நடுவில் நீளத்தைக் குறிக்கிற 6000 என்ற எண்.

"இது என்னங்ணா?" என்றான் வெள்ளிங்கிரி.

"அம்பு."

"பாலத்துக்கு அம்பு எதுக்குங்ணா?"

"எதுக்கோ. ஒரு கோடுகூட விடக் கூடாதுன்னு சொன்னாரில்ல?"

ஆறுக்குட்டி குனிந்து எண்ணைப் பார்த்தான். "ஆறாயிரம்னு போட்டிருக்குதுங்ணா. இந்தப் படத்துல இதுக்கு மேல பெரிய எண் எங்கயும் இல்லை. பாலத்துலயே இதுதான் முக்கியமான உறுப்பாட்ட இருக்குது."

அது நியாயமாகப் பட்டது. பட்டறையிலேயே கனமான இரும்பு உத்தரங்கள் இரண்டு, ஒரு மில் கட்டடத்துக்கென்று வாங்கி வைத்தவை, மூலையில் கிடந்தன. அவற்றை அம்புகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். நுனிகளைக் கூராக்கினார்கள். நடுவில் 6000 என்று இடுப்பு உயரத்துக்கு எண்ணை வெட்டிப் பற்றவைத்தார்கள். படத்தில் அம்புமுனை கரையைத் தொட்டுக்கொண்டிருந்ததால், கரையில் குழி தோண்டி, முனைகளை உள்ளே விட்டு, ஜல்லியும் சிமெண்டும் போட்டு இறுக்கினார்கள். யானை ஏறினாலும் அசையாது.

மிச்சம் கிடந்த தகரத்திலும் ஒல்லிக் கம்பியிலும் பாலத்தைச் செய்யலாம் என்று முடிவாயிற்று.

பாலம் வைக்க முதலில் பூஜ்யம் வேண்டும். வாய்க்கால் கரையில் நின்று தேடினார்கள். எந்த மூலையிலும் தெரியவில்லை.

"நம்ம ஊர்ல பூஜ்யம் யாருங்ணா?" என்றான் ஆறுக்குட்டி.

மூன்று பேரும் கிட்டானைப் பார்த்தார்கள். கிட்டானுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, மறுமுனையைப் பிடிக்காமல் முதல்முனையாகவே நிற்கப் போகிறான்.

கரையில் ஒரு வாகை மரத்தடியில் அவனை நிறுத்தினார்கள். "எல்லா அளவும் உங்கிட்ட இருந்துதான். நகர்ந்தராத" என்றார் சென்னியப்பன். சாப்பாடு அங்கேயே வந்தது. தண்ணீர் அங்கேயே வந்தது. கிட்டான் நிழலை விட்டு நகரவில்லைதான். ஆனால் மரத்தின் நிழல் நகர்ந்தது. நிழலில் நிற்கச் சொன்னதாகத்தான் அவனுக்கு நினைவு. காலையில் ஒரு தூண் நட்டார்கள், கிட்டானிடமிருந்து அளந்து. உச்சிக்கு ஒரு தூண், கிட்டானிடமிருந்து அளந்து. சாயங்காலம் ஒரு தூண், அதுவும் கிட்டானிடமிருந்துதான். மூன்று தூண்மேலும் தளத்தைப் போட்டுப் பார்த்தபோது பாலம் வாழைக்காய் மாதிரி ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போனது.

"படத்துல நேராத்தானே இருந்துச்சு" என்றான் வெள்ளிங்கிரி.

"படம் தாள்ல இருக்குது. இங்க காத்து அடிக்குதில்ல" என்றார் சென்னியப்பன்.

வாய்க்காலின் நடுவரைக்கும் வந்ததும் வேலையை நிறுத்தினார்கள். பாதி ஆகிவிட்டது. மறுபாதிக்கு டவுன் சலூன்காரரிடம் போய், ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். பாலம் முடிகிற விளிம்பில் பலகையோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டினார்கள். கண்ணாடியில் தங்கள் மூஞ்சி தெரிந்துவிடுமோ என்று எல்லோரும் பின்பக்கமாகவே நின்று கட்டி முடித்து, கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் பாலம் அழகாக ஓடியது. வெள்ளிங்கிரிக்கு நெஞ்சு விம்மியது. டீச்சர் சொன்னது பொய்யில்லை. மறுபாதி தானாகவே வந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தண்ணீர் விட்டார்கள். வாய்க்கால் மார்பளவு நிறைந்து ஓடியது. முகூர்த்தத்தன்று காலையில் பட்டு வேட்டி, மாலை, நெற்றியில் சந்தனம் என்று வெள்ளிங்கிரி முன்னால் வர, பக்கத்தில் சென்னியப்பன், பின்னால் ஆறுக்குட்டி, அதற்கும் பின்னால் நாதஸ்வரமும் ஊரும். ஊர் ஜனம் கரையிலேயே நின்றது. அந்த ஒல்லித் தளத்தைப் பார்த்து யாருக்கும் கால் எழவில்லை. பட்டறைக்காரர்கள் மூன்று பேரும் மட்டும் பாலத்தில் ஏறினார்கள்.

நாலு எட்டு வைத்ததும் வெள்ளிங்கிரி சட்டென்று நின்றான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தான். பட்டு வேட்டி, மாலை, சந்தனம் எல்லாம் இவனைப் போலவே. மழுங்கச் சிரைத்த முகம். பார்க்கவே பிடிக்கவில்லை.

"அண்ணா" என்றான் வெள்ளிங்கிரி. "பூவாத்தாளைக் கட்டிக்க இன்னொருத்தன் வந்திருக்கான்."

சென்னியப்பன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆமா. கூட மீசையில்லாத கிழவன் ஒருத்தனைக் கூட்டிட்டு வர்றான். களவாணி மூஞ்சி."

"ஏனப்பா, யாரு நீ?" என்று வெள்ளிங்கிரி கேட்டான். எதிரில் இருந்தவனும் வாயை அசைத்தான்.

"பேசறாங்ணா. சத்தம் வரலை."

"எதிர்காத்துல எப்படிச் சத்தம் வரும்? நீ கொஞ்சம் பின்னால வா, மரியாதையாச் சொல்லிப் பார்ப்போம்."

வெள்ளிங்கிரி ஓர் அடி பின்வாங்கினான். அவனும் பின்வாங்கினான்.

"நல்ல குடும்பத்துப் பையனாட்டத்தான் தெரியுது" என்றார் சென்னியப்பன். "நீ விட்டுக் குடுத்தா அவனும் விட்டுக் குடுக்கறான். கும்பிடு வை."

வெள்ளிங்கிரி கும்பிட்டான். அவனும் கும்பிட்டான். முன்னால் வந்தால் அவனும் முன்னால் வந்தான். மாலையைச் சரி செய்தால் அவனும் சரி செய்தான். விட்டுக்கொடுப்பதிலும் சரி, விடாப்பிடியாக நிற்பதிலும் சரி, இப்படி ஒரு சரிக்குச் சமமான ஆளை வெள்ளிங்கிரி பார்த்ததே இல்லை. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் பூவாத்தாள் மணக்கோலத்தில் நிற்பாளே என்று நினைத்து இன்னொரு முறை கும்பிட்டான்.

"அவங்க எத்தனை பேருன்னு எட்டிப் பார்க்கறேன்" என்று ஆறுக்குட்டி ஓரமாகப் போய்க் கைப்பிடியில் சாய்ந்தான். கைப்பிடி ஆஃபில் இருந்தது. தொபுக்கென்று வாய்க்காலில் விழுந்தான்.

"அண்ணா, ஆறுக்குட்டி விழுந்துட்டான்."

"பதறாத. அவங்க ஆளும் ஒருத்தன் விழுந்துட்டான். சமம்தான்."

ஆறுக்குட்டி மார்பளவுத் தண்ணீரில் எழுந்து, தலையைத் துவட்டியபடி கண்ணாடிக்குப் பின்பக்கம் நடந்துபோய்ப் பார்த்தான். அங்கிருந்து அவன் குரல் வந்தது.

"இந்தப் பக்கம் ஒருத்தரையும் காணலீங்ணா."

"ஓடிட்டாங்களா?"

"பாலத்தையும் காணலீங்ணா. வெறும் பலகைதான் நிக்குது."

வெள்ளிங்கிரி திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தான்.

"பயந்து ஓடறவன் ஓடட்டும்" என்றார் சென்னியப்பன் கசப்போடு. "பாதிப் பாலத்தையுமா தூக்கிட்டு ஓடுவான்? என்ன ஜனங்களோ."

அக்கரையில் காளியண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் பார்வைக்குத் தெரிந்தது ஒரு பலகையின் முதுகு மட்டும்தான். பூவாத்தாள் கூரைச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரம் வந்தாள். வாய்க்காலுக்கு மேலே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆடாமல் அசையாமல் கிடந்த இரண்டு இரும்பு அம்புகளையும் பார்த்தாள்.

"அப்பா, இது ரெண்டும் எதுக்குக் கிடக்குது?"

"யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை வீட்டு வேலைப்பாடு."

"பந்தலுக்கு வந்த பலகை மிச்சம் இருக்குதில்ல, அதைக் கொண்டாந்து குறுக்காப் போடச் சொல்லுங்க."

போட்டார்கள். ஒரு பலகை, அதை ஒட்டி இன்னொரு பலகை. காளியண்ணன் ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. வெள்ளிங்கிரி கரைக்குத் திரும்பி, பலகை வழியாக ஓடி வந்தான். நடுவழியில் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு 6000 நின்றது. அதில் ஆறின் கொக்கியில் அவன் மாலை மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, மாப்பிள்ளை மாலை. எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரம் தாண்டப் போகுது, பெண்ணை அங்கேயே கூட்டிண்டு போங்கோ" என்றார்.

அப்படியாக வாய்க்காலின் நட்ட நடுவில், ஓடுகிற தண்ணீருக்கு மேலே, ஆறாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடையில் வெள்ளிங்கிரி தாலி கட்டினான். இரண்டு கரையிலிருந்தும் அட்சதை வந்து விழுந்தது. பாதி மீனுக்குப் போயிற்று.

பூவாத்தாள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "மீசை எங்கீங்க?"

"பாலத்துக்காக எடுத்துட்டேன்."

அவள் சிரித்தாள். பல் தெரிந்தது.

விருந்தின்போதுதான் கிட்டானின் ஞாபகம் வந்தது. இன்னும் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டால் வர மாட்டேன் என்றான். தான் நகர்ந்தால் பாலமும் நகருமே, மேலே ஜனம் இருக்கிறதே என்று பயம். அவன் சொல்வதும் சரிதான் என்று பட்டது. கடைசியில் பந்தியிலிருந்து ஒரு மெதுவடையை எடுத்து, நடுவில் ஓட்டையோடு பூஜ்யம் மாதிரியே இருந்ததால், அவன் நின்ற இடத்தில் வைத்துவிட்டுக் கிட்டானைச் சாப்பிடக் கூட்டி வந்தார்கள். அவன் இலையில் உட்காருவதற்குள் காக்கை ஒன்று வடையைத் தூக்கிக்கொண்டு மேற்கே பறந்தது. அன்று பொழுது சாயும்வரை நாலு பேரும் கரையில் உட்கார்ந்து, பாலம் எப்போது மேற்கே கிளம்பப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சில நாள் கழித்து இன்ஜினியர் பார்வையிட வந்தார். பலகைப் பாதையில் ஜனங்கள் சைக்கிளோடும் புல்லுக்கட்டோடும் போய்வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் பாதிப் பாலம் ஒன்று தனியாக வளைந்து நின்றது. அதன் விளிம்பில் இருந்த கண்ணாடியைப் பார்த்து இரண்டு பெண்கள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"சரி, பாலம் கெட்டியா இருக்கு. இதையே பாலம்னு வச்சுக்கறேன்" என்றார். "இப்ப இருக்கறதை இருக்கற மாதிரியே ஒரு படம் போட்டுக் கொண்டாந்து ஆபீஸ்ல குடுங்க. படமும் பாலமும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான்."

பிரமிளா டீச்சர் வரைந்து கொடுத்தார். உத்தரம், அதன் நுனியில் அம்பு, நடுவில் எண். ஒவ்வொன்றுக்கும் அளவு. அம்புத்தலையின் அகலத்தைக் காட்ட ஒரு குட்டி அம்பு. எண்ணின் உயரத்தைக் காட்ட ஒரு குட்டி அம்பு, பக்கத்தில் ஒரு குட்டி எண்.

வெள்ளிங்கிரி படத்தையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணா, படத்துல இருக்கற குட்டி அம்பெல்லாம் பாலத்துல இல்லையே."

செய்து பற்றவைத்தார்கள். இப்போது பாலம் மாறிவிட்டது. மாறின பாலத்துக்குப் புதுப் படம் வாங்கினார்கள். அதில் குட்டி அம்புக்கு அதனிலும் குட்டி அம்புகள் இருந்தன. அவற்றையும் செய்தார்கள். மறுபடி படம். மறுபடி அம்பு. பாலம் முள்ளம்பன்றியாகச் சிலிர்த்துக்கொண்டது. புல்லுக்கட்டோடு போனவர்கள் அக்கரையில் வெறுந்தலையோடு இறங்கினார்கள். காளியண்ணனின் துண்டு மூன்று இடங்களில் கிழிந்தது. பூவாத்தாள் தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சேலையைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள்.

கடைசியில் டீச்சரே பஸ் ஏறி வந்து பார்த்தார். வாய்க்கால் கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு பையிலிருந்து கடைசிப் படத்தை எடுத்து, அதன் அடியில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு எழுதி வெள்ளிங்கிரி கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்.

வெள்ளிங்கிரி எழுத்துக்கூட்டிப் படித்தான்: "குறிப்பு: பாலத்தில் இனி அம்பு, எண், எழுத்து செய்ய வேண்டாம்."

"அப்பாடா" என்றார் சென்னியப்பன். "வேலை முடிஞ்சுது. எல்லாத்தையும் எடுத்து வைங்க."

ஆறுக்குட்டி படத்தின் மேல் குனிந்தபடியே இருந்தான். "அண்ணா, இந்தக் குறிப்பும் படத்துலதானே இருக்குது?"

நாலு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். படத்தில் இருக்கிறது, பாலத்தில் இல்லை. மறுப்பதற்கு வழியில்லை. தவிர, செய்ய வேண்டாம் என்பதை எழுதி மாட்டாவிட்டால், செய்ய வேண்டாம் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே பட்டறையில் மிச்சமிருந்த கம்பியையெல்லாம் எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக வளைத்து, பாலத்தின் தலைமாட்டில் வரிசையாகப் பற்றவைத்துக்கொண்டே போனார்கள். "செய்ய வேண்" வரைக்கும் வந்தபோது ஆறுக்குட்டி கையில் இருந்த கம்பியை அளந்து பார்த்தான்.

"பத்தாதுங்ணா. 'டாம்' போடணும்னா ஒரு கால் தனியா வளைக்கணும். அதுக்குக் கம்பி இல்லை. 'டும்'னா சரியா வரும்."

சென்னியப்பன் எழுத்துகளை அண்ணாந்து பார்த்து ரொம்ப நேரம் யோசித்தார். "ரெண்டுக்கும் ஆரம்பம் ஒண்ணு, முடிவு ஒண்ணு. நடுவுல ஒரு கால் இல்லாததால என்ன குறைஞ்சுரப் போகுது? டும்மே போடு."

போட்டார்கள். வெள்ளிங்கிரி வெல்டிங் முகமூடியைக் கழற்றிவிட்டு, கரைக்கு வந்து நின்று, மாட்டியதை ஒருமுறை உரக்கப் படித்தான்: "பாலத்தில் இனி அம்பு, எண், எழுத்து செய்ய வேண்டும்." பிறகு மற்ற மூன்று பேரையும் பார்த்தான். மூன்று பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பெரிய எழுத்தில் அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது மறுக்க என்ன இருக்கிறது? அன்று மத்தியானமே ஒரு லாரிக் கம்பிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.